அய்யனார் கோவில் தண்ணீரும் ஆலை கழுவுகிற கையும்

வாசகர் கேள்வி: "ராஜபாளையம் வட்டாரத்தில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மாம்பழக்கூழ்க் கூடம் நடத்துகிறது. மாம்பழ வரத்து இல்லாத மாதங்களில் பால்கோவா போடலாம் என்றும் யோசனை. இதுவரை உறுப்பினர்களே கூடத்தைக் கழுவினோம். இப்போது சுத்தப்படுத்தும் வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம் என்று மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கியிருக்கிறோம். குறைந்த விலைக்காரரைப் பிடிக்கலாமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?"

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அய்யனார் கோவிலில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரு சுற்று போய் வந்தோம். தண்ணீர் வரும் வழியிலேயே நடந்தால் பதிலில் பாதி கிடைத்துவிடுகிறது.

மலையடிவாரத்தில்...

ராஜபாளையத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கிறது கோவில். நீர் காத்த அய்யனார் என்றுதான் இவருக்குப் பெயர். வழியெங்கும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். மலையில் மழை பெய்தால் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும். அந்த நாட்களில் வனத்துறையினர் பக்தர்களை உள்ளே விடுவதில்லை. இந்த மலைப்பகுதி 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. இந்த மலைத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போய் ராஜபாளையம் நகரத்துக்குக் குடிநீராகிறது. மிச்சம் கண்மாய் கண்மாயாக நிரம்பி வயலுக்குப் போகிறது.

பாறையில் வழிந்து வரும் இந்தத் தண்ணீரில் உப்பு குறைவு. சோப்பு போட்டால் நன்றாக நுரைக்கும். சமவெளிக்கு இறங்கி போர்வெல் தண்ணீரில் அதே சோப்பைப் போட்டால் பல இடங்களில் நுரை வராது. தட்டில் வெள்ளைப் படிவம் விழும். ஆலையைக் கழுவுவதற்கு இந்த வித்தியாசம்தான் முதல் பாடம். கடினத் தண்ணீரில் சோப்பும் காரமும் வீணாகும். குழாயிலும் கொதிகலனிலும் சுண்ணாம்புப் படிவம் ஏறும். அந்தப் படிவத்தின் சொரசொரப்பில் பாலின் புரதமும் கொழுப்பும் ஒட்டிக்கொள்ள, கிருமிகள் அதற்குள் பத்திரமாகக் குடியிருக்கும்.

ஆகவே, விலைப்புள்ளி கொடுத்த மூன்று பேரில் எவர் உங்களிடம், "உங்க தண்ணி என்ன தண்ணி? பரிசோதனை அறிக்கை இருக்கா?" என்று கேட்டார் என்று யோசித்துப் பாருங்கள். கேட்காதவருக்குத் தரை கூட்டத் தெரியலாம். உணவுக்கூடம் கழுவத் தெரியாது. உணவோடும் பாத்திரத்தோடும் படும் தண்ணீர் குடிநீர்த் தரத்தில், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 தரத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரைத் தேடும் முன்பே உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் தனித்தனியாகப் பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடாய் சொல்லும் பாடம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரைமணி நேரப் பயணம். ஆண்டாள் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்கோவா கடைதான். இந்த ஊர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் மட்டும்தான் சரக்கு. விறகு அடுப்பில் கிளறிக் கிளறிச் சுண்ட வைக்கிறார்கள்.

கூடம் ஒன்றில் கடாய் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தோம். "சூடு ஆறுறதுக்குள்ள தண்ணிய ஊத்தி ஊற விட்டிரணும் அண்ணாச்சி. காலையில வந்து பாத்துக்கலாம்னு விட்டா பாறையா இறுகிப்போயிரும். அப்புறம் சுரண்டணும். சுரண்டுனா கடாய்ல கீறல் விழும். மறுநாள் அந்தக் கீறல்லதான் முதல்ல அடிப்பிடிக்கும்" என்றார். சுத்தம் செய்யும் தொழிலின் அடிப்படை முழுவதும் இந்த நாலு வரியில் இருக்கிறது. அழுக்கு காய்வதற்குள் கழுவ வேண்டும்; பாத்திரத்தின் பரப்பைக் கெடுக்காமல் கழுவ வேண்டும்.

எந்த அழுக்குக்கு எது மருந்து என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தக்காரரிடம் கேள்வி கேட்க இது உதவும்.

சர்க்கரை, பழக்கூழ்: வெதுவெதுப்பான தண்ணீரிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். உடனே கழுவாவிட்டால் பழ ஈயும் ஈஸ்டும் வந்துவிடும்.

பச்சைப் பால் பட்ட கேன், குழாய்: முதல் அலசலுக்குக் கொதிக்கும் தண்ணீர் கூடாது. புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டில் அலசிய பிறகுதான் காரம்.

கொழுப்பும் புரதமும்: காரத்துக்குத்தான் அசையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களில் 1 முதல் 2 சதவிகிதக் காஸ்டிக் சோடாக் கரைசலை 70 முதல் 80 டிகிரி சூட்டில் சுற்ற விடுவது பால் பண்ணைகளில் வழக்கம்.

பால் கல் எனப்படும் வெள்ளைப் படிவம்: காரத்துக்கு அசையாது, அமிலம்தான் வேண்டும். காரத்தை நன்றாக அலசிய பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலக் கரைசல் விடுவார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் பட்டால் உலோகத்தையே அரித்துவிடும். இரும்புக் கடாயில் அமிலமோ குளோரினோ நின்றால் துருப்பிடிக்கும். "எல்லாத்துக்கும் ஒரே கெமிக்கல், சூப்பரா போகும்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

பல கூடங்களில் பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அழுக்கின் மேல் ஊற்றும் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அடியில் இருக்கும் கிருமிக்கு எதுவும் ஆகாது. கூட்டு, அலசு, சோப்பு போட்டுத் தேய், மறுபடி அலசு, கண்ணால் பார்; அதன் பிறகுதான் கிருமிநாசினி. கடைசியில் காய விட வேண்டும். ஈரம் நிற்கும் இடத்தில் மறுநாளே பூஞ்சணம் வரும்.

அளவும் முக்கியம். உணவு படும் பரப்புக்கு 200 பி.பி.எம். குளோரின் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி போதும். 10 லிட்டர் வாளிக்கு 40 மில்லி. "ஒரு மூடி ஊத்துவோம் சார்" என்று பதில் வந்தால், மூடியின் அளவு என்ன, டப்பாவில் எத்தனை சதவிகிதம் என்று திருப்பிக் கேளுங்கள். ஹைப்போகுளோரைட் வெயிலிலும் சூட்டிலும் நாளாக ஆக வீரியம் இழக்கும் என்பதால், தயாரித்த தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது. கரைசலில் நனைத்துப் பார்க்கும் குளோரின் தாள் மலிவானது. தினம் ஒன்று செலவழித்தால் சந்தேகம் தீரும்.

குளோரின் சரக்கையும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எதை விடலாம், எதை விடக் கூடாது?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி உரிமம் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. சுத்தக்குறைவாக உணவு தயாரித்தால் பிரிவு 56-ன்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "ஒப்பந்தக்காரர் சரியாகக் கழுவவில்லை" என்பது அங்கே பதிலாகாது. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது.

அதனால், உணவு நேரடியாகப் படும் கடாய், கூழ் பிழியும் இயந்திரம், நிரப்பும் குழாய் ஆகியவற்றை உங்கள் ஆட்களே கழுவட்டும். இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவருக்குத்தான் எந்த வளையத்தின் இடுக்கில் கூழ் ஒளிந்திருக்கும் என்பது தெரியும். தரை, சுவர், கூரை, மின்விசிறி, சாக்கடைக் கால்வாய், தண்ணீர்த் தொட்டி, மாம்பழ வரத்து முடிந்த பிறகு செய்யும் பெரிய கழுவல் ஆகியவற்றை ஒப்பந்தத்துக்கு விடலாம்.

தரைச் சாக்கடையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி ஈரமும் குளிரும் உள்ள இடத்தில் வளரும். குளிர்பதன அறைக்குள்ளும் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் ஆலையில் தயாரித்த இறைச்சி உணவு மூலம் இது பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாக்கடையில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் கிருமி துளித்துளியாக எழும்பி மேசை மேல் விழும். சாக்கடையை முதலில், மெதுவாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகே இயந்திரங்களுக்குக் கிருமிநாசினி அடிக்க வேண்டும். சாக்கடைத் துடைப்பத்துக்குத் தனி நிறம், மேசை பிரஷுக்குத் தனி நிறம். கம்பிச் சுருளும் தேங்காய் நாரும் கூடத்துக்குள் வேண்டாம். ஒரு இழை கூழில் விழுந்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

குறைந்த விலை எங்கிருந்து வருகிறது?

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். காகிதத்தை எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள். 6 ஆட்கள், மாதம் 26 நாள், நாள் கூலி 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதிக்கு அரசு அறிவித்துள்ள குறைந்தபட்சக் கூலியை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கூலி: 78,000 ரூபாய்
வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி பங்கும் நிர்வாகச் செலவும் 13 சதவிகிதம்: 10,140 ரூபாய்
இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு 3.25 சதவிகிதம்: 2,535 ரூபாய்
போனஸ் 8.33 சதவிகிதம்: 6,497 ரூபாய்
மொத்தம்: 97,172 ரூபாய்

இதில் சோப்பு, ரசாயனம், கையுறை, கம்பூட்ஸ், ஒப்பந்தக்காரரின் லாபம் எதுவும் சேரவில்லை. ஒருவர் 75,000 ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்றால், மிச்சம் 22,000 ரூபாய் யாரோ ஒருவருடைய வயிற்றிலிருந்து வருகிறது. ஒன்று கூலி குறையும், இல்லை 6 பேர் என்று எழுதிவிட்டு 4 பேர் வருவார்கள், இல்லை மருந்தில் தண்ணீர் கலக்கும். எப்படிப் பார்த்தாலும் கடைசியில் அது உங்கள் கூழ் டப்பாவுக்குத்தான் வரும். ஒப்பந்தக்காரர் கூலியோ இ.எஸ்.ஐ. பணமோ கட்டாமல் போனால் அதைக் கட்டும் பொறுப்பு வேலை கொடுத்த நிறுவனத்தின் மேல் விழும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அமெரிக்காவில் இறைச்சி ஆலைகளை இரவில் கழுவிக் கொடுக்கும் பேக்கர்ஸ் சானிடேஷன் சர்வீசஸ் என்ற பெரிய ஒப்பந்த நிறுவனம், 13 முதல் 17 வயது வரையுள்ள 102 பிள்ளைகளை ஆபத்தான ரசாயனத்தோடும் இயந்திரங்களோடும் வேலை செய்ய வைத்தது என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறை கண்டறிந்தது. 8 மாநிலங்களில் 13 ஆலைகள். 2023-ல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். பகலில் ஆலையைச் சுற்றிப் பார்த்த யார் கண்ணிலும் இது பட்டிருக்காது. இரவு வேலையை ஒப்பந்தத்துக்கு விடுபவர்கள் மாதம் ஒரு முறையாவது சொல்லாமல் கொள்ளாமல் இரவில் போய் நின்று, வருகைப் பதிவேட்டையும் ஆளையும் ஒப்பிட வேண்டும். 18 வயது நிறையாதவர் எவரும் ரசாயனத்தின் பக்கம் வரக் கூடாது.

அதைவிட முக்கியமான ஒன்று. கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்த ஆளையும் இறக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதுங்கள். பாலும் பழமும் அழுகும் மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கும். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழுவது நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கழிவுநீர்க் குழியில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. எவ்வளவு கொடுத்தாலும் போன உயிர் திரும்பாது. உறிஞ்சும் வண்டி வைத்து எடுக்க முடியாத தொட்டியைக் கட்டியிருந்தால், ஒப்பந்தம் போடும் முன் தொட்டியை மாற்றுங்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

அய்யனார் கோவில் ஆற்றிலிருந்து வந்த தண்ணீரைக் கண்மாய்க்குத் திருப்பிக் கொடுக்கும்போது எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் இந்த ஒப்பந்தத்தில் சேரும். கழிவு அழுகுவதற்குத் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது என்பதை பி.ஓ.டி. என்று அளக்கிறார்கள். பாலுக்கு இது லிட்டருக்குச் சுமார் 1 லட்சம் மில்லிகிராம். நீர்நிலையில் விட அனுமதிக்கும் பொது வரம்பு 30 மில்லிகிராம். அதாவது, சாக்கடையில் கொட்டும் ஒரு லிட்டர் பாலை அந்த வரம்புக்குள் கொண்டுவர 3,000 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் வேண்டும். அவ்வளவு தண்ணீருக்கு யார் போவது? கண்மாயில் மீன் செத்து மிதந்தால் ஊர்க்காரர்கள் ஒப்பந்தக்காரரைத் தேட மாட்டார்கள், உங்களைத்தான் தேடி வருவார்கள்.

ஆகவே, தண்ணீர் ஊற்றும் முன் தோல், கொட்டை, நார், ஒட்டிய கூழ் எல்லாவற்றையும் உலர்வாகக் கூட்டி வழித்து எடுக்கச் சொல்லுங்கள். அது உரக்குழிக்குப் போகட்டும். இந்த ஒரு பழக்கத்தால் தண்ணீரும் மிச்சம், ரசாயனமும் மிச்சம். நாள் ஒன்றுக்குக் கழுவ எத்தனை லிட்டர் ஆகிறது என்று மீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காரக் கழிவையும் அமிலக் கழிவையும் நடுநிலையாக்கிய பிறகே சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை

மூன்று பேரையும் ஆளுக்கு ஒரு நாள், கூலி கொடுத்து, ஒரே பகுதியைக் கழுவச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே இருந்து பாருங்கள். முடிந்த பிறகு,

1. டார்ச் அடித்து இயந்திரத்தின் அடிப்பக்கம், மேசைக் காலின் உட்பக்கம், கதவுக் கைப்பிடி பாருங்கள்.

2. வெள்ளைத் துணியால் துடைத்து, நிறமும் வாசனையும் பாருங்கள்.

3. ஸ்டீல் பரப்பில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே படலமாக வழிந்தால் நல்லது. முத்து முத்தாகத் திரண்டால் கொழுப்பு மிச்சம் இருக்கிறது.

4. பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

5. ரசாயன டப்பாவில் பெயர், அளவு, தேதி உள்ள ஒட்டுத்தாள் இருக்கிறதா, ஆட்களுக்குக் கையுறை, கண்ணாடி, கம்பூட்ஸ் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

6. அவருடைய ஆட்களிடம் தனியாக, "கூலி எப்ப வருது? எவ்வளவு வருது?" என்று கேளுங்கள்.

இதில் தேறியவரோடு மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். எந்த இடம், எதைக் கொண்டு, எந்த அளவில், எத்தனை நாளுக்கு ஒரு முறை, யார் சரிபார்ப்பது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆள் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்காமல், காலையில் உங்கள் மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அன்றைய வேலை கணக்கில் ஏறும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைத் தொடும் ஒப்பந்த ஆட்களுக்கும் உங்கள் ஆட்களைப் போலவே வருடாந்திர மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும். கூடத்தில் வேர்க்கடலை, முந்திரி போன்றவற்றையும் கையாண்டால், சரக்கு மாறும்போது செய்ய வேண்டிய கழுவலைத் தனியாக எழுதுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு துணுக்கும் ஆபத்து.

நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது. இதுவரை கூடத்தைக் கழுவி வந்த உறுப்பினர் வீட்டுப் பெண்களில் சிலர் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கக்கூடும். கூடத்தின் மூலைமுடுக்கு அவர்களுக்குத் தெரியும். தெரியாதது ரசாயன அளவும் பதிவேடும் மட்டும்தான். அதைக் கற்றுக்கொடுத்து அவர்களோடே ஒப்பந்தம் போட்டால், வேலையும் ஊருக்குள் இருக்கும், சுத்தத்தில் அக்கறையும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபோஸ்டாக்' பயிற்சியில் கூடத்துக்கு ஒருவரையாவது சேர்த்துவிடுங்கள். விருதுநகர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். பதப்படுத்தும் தொழில்நுட்பத்தில் சந்தேகம் இருந்தால் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தை அணுகலாம்.

மாம்பழ வரத்து தொடங்கிவிட்டால் கூடத்தில் நிற்கக்கூட நேரம் இருக்காது. தண்ணீர்ப் பரிசோதனையையும் சோதனைக் கழுவலையும் அதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மூன்று விலைப்புள்ளிகளையும் மேலே சொன்ன கூலிக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு சந்தேகம் இருந்தால், மறுபடியும் எழுதுங்கள்.